அமெரிக்காவில் புது வீடு: ஏஜென்ட் விஷயம்

பில்டர் (வீடு கட்டி விக்கிற கம்பெனி) மாதிரிக்குக் கட்டி வச்சிருக்கிற மாடல் ஹோமில் சிரிச்சு வரவேற்கிறவர் அந்த பில்டரோட ஆள். உங்க பட்ஜெட்டை அவர்கிட்ட உளறினா நேரா பில்டர் காதுக்குப் போகும். நமக்குன்னு ஏஜென்ட் வேணும்னா முதல் விசிட்டிலேயே கூட்டிட்டுப் போங்க. அன்னைக்கு கெஸ்ட் கார்டில் (வந்தவங்க விவரம் எழுதுற சீட்டு) பேர் இல்லாத ஏஜென்டுக்கு நிறைய பில்டர்கள் பின்னாடி கமிஷன் தர்றதில்லை. "சும்மா பாத்துட்டு வருவோம்"னு தனியா போய்த்தான் பலரும் மாட்டிக்கிறாங்க.

2024 ஆகஸ்ட் 17 முதல் பெரும்பாலான ஏஜென்டுகளோட, வீடு பார்க்கும் முன்னாடியே எழுத்துல ஒப்பந்தம் போடணும். கமிஷன் எவ்வளவு, பில்டர் குறைச்சுக் கொடுத்தா மிச்சம் யார் தலையில? அந்த வரியைப் படிக்காம கையெழுத்துப் போடாதீங்க.

விலையில பில்டர் லேசில் இறங்க மாட்டார். அடுத்து விக்கிற வீடுகளோட விலையும் சரியுமே! அதுக்குப் பதிலா வீட்டுக் கடன் வட்டிக் குறைப்பு, க்ளோசிங் காஸ்ட்டுல (வாங்கி முடிக்கிறப்போ வர்ற கட்டணங்கள்) உதவின்னு கேளுங்க. டிரைவால் (உள்சுவர்ப் பலகை) வச்சு மூடும் முன்னாடி, வீட்டைச் சோதிக்க நாம வைக்கிற இன்ஸ்பெக்டர் உள்ளே வந்து பார்க்க அனுமதியையும் எழுத்துல வாங்கிடுங்க.