ரோலில் இருந்த அனுமதி வியூவுக்குப் போதவில்லை

திருகோணமலையில் மீன் கொள்வனவு செய்யும் ஒரு நிறுவனத்தின் தரவுத்தளத்தை நான் பராமரித்து வருகிறேன். படகுகளின் விபரம் ஓர் அட்டவணையிலும், கரையில் நிறுக்கப்படும் சூரை, அறுக்குளா முதலியவற்றின் எடை இன்னோர் அட்டவணையிலும் இருக்கின்றன. இரண்டையும் இணைத்து மாதக் கணக்கைக் காட்டும் வியூ (பெயரிட்டுச் சேமித்துவைக்கும் வினவல்) ஒன்றை அறிக்கைக்கான பயனர் கணக்கில் உருவாக்க முயன்றபோது, போதிய உரிமை இல்லையென்று கூறும் ஓஆர்ஏ-01031 பிழையுடன் எங்கள் தரவுத்தள மென்பொருளான ஒராக்கிள் மறுத்துவிட்டது.

இந்த இடத்தில் எவரும் முதலில் சந்தேகிப்பது வியூ உருவாக்க அனுமதிக்கும் கிரியேட் வியூ உரிமையைத்தான். ஒராக்கிள் 10ஜி பதிப்பின் இரண்டாம் வெளியீட்டிலிருந்து கனெக்ட் என்ற ரோலில் (ரோல் என்பது ஒன்றாக வழங்கப்படும் உரிமைகளின் தொகுப்பு) அது இல்லாததால், பழைய பழக்கத்தில் கணக்குத் திறப்பவர்கள் அங்கேயே இடறுவார்கள். எங்கள் கணக்கில் அது இருந்தது. அதைவிட விசித்திரம், வியூவுக்குள் எழுதிய அதே செலக்ட் வினவலை, அதாவது தரவைப் படிக்கும் கட்டளையை, தனியே இயக்கினால் வரிகள் ஒன்றும் குறையாமல் வந்தன. இல்லாத எழுத்துப் பிழையைத் தேடியே அரை நாளைத் தொலைத்தேன்.

அட்டவணைகளைப் படிக்கும் அனுமதி ஒரு ரோலின் வழியாகவே எங்களுக்குக் கிடைத்திருந்தது. ரோல் என்பது ஒரு அமர்வில் இயங்கலாம், இன்னொன்றில் அணைக்கப்பட்டிருக்கலாம். வியூவோ நிலையாகச் சேமிக்கப்படும் பொருள் என்பதால், அதன் அடித்தள அட்டவணைகளுக்கான அனுமதியை ஒராக்கிள், வியூவின் உரிமையாளருக்கு நேரடியாக வழங்கப்பட்டிருந்தால் மட்டுமே கணக்கில் எடுக்கிறது. கிரியேட் வியூ உரிமை மட்டும் ரோல் வழியாக வந்தாலும் செல்லும். குழப்பத்துக்கு இந்த வேறுபாடே காரணம். ‘செட் ரோல் நன்’ என்று ரோல்களை அணைத்துவிட்டு வினவலை மீண்டும் இயக்கினேன். அட்டவணையே இல்லையென்று ஓஆர்ஏ-00942 வந்ததும் சந்தேகம் தீர்ந்தது.

அட்டவணைகளின் உரிமையாளர் கணக்கிலிருந்து செலக்ட் அனுமதியை நேரடியாக வழங்கியதும் வியூ உருவானது. ஆனால் அதைக் கணக்காளருக்குத் திறந்துவிட முயன்றபோது ஓஆர்ஏ-01720 பிழை குறுக்கிட்டது. பிறருடைய அட்டவணை மீது எழுப்பிய வியூவை மூன்றாமவருக்குக் காட்ட, அந்த அனுமதி, பெற்றவர் பிறருக்கும் வழங்க இடமளிக்கும் ‘வித் கிராண்ட் ஆப்ஷன்’ சேர்த்து வழங்கப்பட்டிருக்க வேண்டும்.

எல்லா அட்டவணைகளையும் படிக்கும் ‘செலக்ட் எனி டேபிள்’ உரிமையைக் கொடுத்துவிட்டால் வேலை சுலபம் என்று உடன் பணிபுரியும் தம்பி ஒருவர் சொன்னார். சம்பளப் பட்டியலும் அதே தரவுத்தளத்தில் இருப்பதால் நான் உடன்படவில்லை. தேவையான இரண்டு அட்டவணைகளுக்கு மட்டும் அனுமதியை மாற்றி வழங்கினேன்.