பரண்மேல் ஒன்பது நாள்

நவம்பர் 23, 2024, சனி

மான் வேட்டைக்காலம் இன்று தொடங்கியது. ஐந்தே காலுக்கு இருட்டில் தட்டுத்தடுமாறிப் பரணில் ஏறினேன். ஓக் மரத்தோடு வார்ப்பட்டை போட்டு இறுக்கிய இரும்பு இருக்கை அது. இங்கே அதற்கு வேறு பெயர். எனக்கு அது பரண்தான். தினைப்புனத்தில் வள்ளி கிளி ஓட்டியதும் பரணில்தானே. ஏழு மணிக்குச் சூரியன் உதிக்கும். அதற்கு அரை மணி முன்பிருந்துதான் சுடலாம் என்பது சட்டம்.

இடம் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தின் தென்மேற்கு மூலை, அயோவா கவுண்டி. பெயரைப் பார்த்து அயோவா மாநிலம் என்று எண்ண வேண்டாம். வடக்கிலிருந்து இறங்கிய பனிப்பாறைகள் சுற்றியுள்ள நிலத்தையெல்லாம் தேய்த்துத் தட்டையாக்கிவிட்டு, இந்தப் பகுதியை மட்டும் ஏனோ தொடாமல் விட்டுவிட்டன. அதனால் மேடும் மடுவும் ஓடையுமாகக் கிடக்கிறது. நிலம் பக்கத்துப் பண்ணைப் பெரியவருடையது. வயது எழுபத்து நான்கு. 1973க்குப் பிறகு பிறந்தவன் என்பதால் நான் வேட்டைப் பாதுகாப்பு வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. அவருக்கு அது தேவையில்லை. அதைச் சொல்லிக்காட்டுவதில் அவருக்குத் தனி மகிழ்ச்சி.

மான் எதுவும் வரவில்லை. வந்தது ஒரு சிக்கடி. கருந்தொப்பி போட்ட குருவி, பத்துப் பன்னிரண்டு கிராம் இருக்கும். நேரே வந்து துப்பாக்கிக் குழலின் நுனியில் உட்கார்ந்தது. இரும்பில் நகம் பட்ட ஒலி கேட்டது. என்னை இந்தக் கண்ணால் ஒருமுறை, அந்தக் கண்ணால் ஒருமுறை பார்த்தது. அலகில் ஏதோ விதை. குழலிலிருந்து என் முழங்காலுக்குத் தாவி, அங்கிருந்து மரத்துக்குத் தாவி, பரணைக் கட்டிய பட்டையின் மடிப்புக்குள் அந்த விதையைச் செருகியது. அலகால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் பறந்தது. குளிர்காலத்துக்காக இப்படி ஒவ்வொன்றாக ஒளித்துவைத்து, வாரக்கணக்கில் இடத்தை நினைவில் வைத்திருக்கும் பறவை. நானும் மரத்தில் ஒரு கிளை என்று அது தீர்மானித்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

நவம்பர் 24, ஞாயிறு

இன்று ஒரு பிணைமான் என்னை முட்டாளாக்கியது.

எட்டரை மணிக்கு ஓடைக்கரை ஏறி வந்தது, பின்னால் இந்த வருடக் குட்டி. பிணையின் இடது காதில் பழைய கிழிசல் ஒன்று. நாற்பது அடி தூரத்தில் நின்று என்னை அண்ணாந்து பார்த்தது. என் ஆரஞ்சுச் சட்டை அதற்குப் பெரிய விஷயமில்லை. மானுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் அப்படியொன்றும் பளிச்சென்று தெரியாது. உருவம்தான் சந்தேகம். முன்னங்காலைத் தூக்கித் தரையில் ஓங்கி ஒரு மிதி மிதித்தது. குளம்பின் பிளவுக்கு நடுவே ஒரு சுரப்பி உண்டு. அந்த மிதியில் ஓசையும் போகும், மண்ணில் வாசனையும் தங்கும். பிறகு வரும் மான்களுக்கும் எச்சரிக்கை.

நான் மூச்சுவிடவில்லை. சரி, ஆபத்தில்லை என்பதுபோல அது தலையைத் தாழ்த்தி மேயத் தொடங்கியது. நான் மெல்லத் துப்பாக்கியை நகர்த்தினேன். விரற்கடை நகர்ந்திருக்காது, தலை விருட்டென்று நிமிர்ந்தது. மேயவே இல்லை! வாய் புல்லைத் தொடவே இல்லை. நான் அசைவேனா என்று பார்க்கத்தான் குனிந்தது. இரண்டாம் முறையும் அதே நாடகம், இரண்டாம் முறையும் நான் ஏமாந்தேன். மூக்கால் ஒரு சீறல், வெள்ளை வால் கொடிபோல மேலே, தாயும் குட்டியும் காணாமல் போய்விட்டார்கள்.

பெரியவரிடம் சொன்னபோது, “உன்னைவிட அது நன்றாகப் படித்திருக்கிறது” என்றார்.

நவம்பர் 25, திங்கள்

அலுவலகம். மாலையில் அம்மாவிடம் பேசினேன். “மானையா சுடுகிறாய், கண்ணு? சிறைக்குப் போகவா?” என்றார். அங்கே 1972 வனவிலங்குச் சட்டம். இங்கே ஒன்பது நாள் திருவிழா, பள்ளிப் பிள்ளைகள்கூட ஆரஞ்சுத் தொப்பியோடு போகிறார்கள். விளக்கிப் பார்த்தேன். அம்மா சமாதானமாகவில்லை.

நவம்பர் 27, புதன்

விடுப்பு எடுத்தேன். நான் பரணில் தூங்கி வழிந்துகொண்டிருந்தபோது மேட்டுக்கு அப்பாலிருந்து ஒரே ஒரு வெடி. பெரியவர் வெற்று வெடி வைப்பவர் அல்லர். இறங்கிப் போனேன். பிணைமான், நல்ல கொழுத்த உடல், மினுமினுக்கும் தோல். இடது காதில் கிழிசல். அந்த மான்தான்.

அவர் வயிற்றைக் கிழித்துக் குடலை வெளியே எடுத்துப் போட்டார். மானை இழுத்து வண்டியில் ஏற்றிவிட்டுக் கத்தியை எடுக்கத் திரும்பி வந்தோம். குடல் குவியலில் ஏதோ வெள்ளையாகத் துள்ளியது. எர்மின்: கீரிப்பிள்ளையைச் சுண்டக் காய்ச்சியதுபோல, என் கைப்பெருவிரலைவிடக் கொஞ்சம் தடித்த உடல். உடம்பெல்லாம் பால்வெள்ளை, வால் நுனி மட்டும் மை தொட்டதுபோலக் கறுப்பு. பகல் குறுகக் குறுக அதன் ரோமம் வெளுத்துவிடும். பனி விழுந்ததா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. இந்த ஆண்டு இன்னும் பனி விழவில்லை. பழுப்புச் சருகுகளுக்கு நடுவே யாரோ தவறவிட்ட கைக்குட்டைபோலத் துலக்கமாகத் தெரிந்தது.

நாங்கள் ஆறடி தூரத்தில் நிற்கிறோம். அது ஓடவில்லை. தன்னைப் போல் இரண்டு மடங்கு நீளமுள்ள கொழுப்புச் சவ்வு ஒன்றைப் பல்லால் பிடித்து, பின்பக்கமாகவே நடந்து, வேருக்கடியில் இருந்த பொந்துக்கு இழுத்தது. வழியில் சவ்வு ஒரு முள்ளில் மாட்டிக்கொண்டது. விட்டுவிட்டு வந்து முள்ளிலிருந்து விடுவித்து, மறுபடி பின்னால் போய் இழுத்தது. எங்களை நிமிர்ந்து பார்த்து ஒருமுறை கிறீச்சிட்டது. அது திட்டுதான், சந்தேகமில்லை.

இதயத்தை அன்றிரவே உண்பது பெரியவர் வீட்டு வழக்கம். அவர் வெண்ணெயில் வெங்காயம் போட்டுப் பொரிப்பார். இன்று என் முறை: சின்ன வெங்காயம் கிடைக்காததால் பெரியதையே நறுக்கி, மிளகும் சீரகமும் இடித்துப்போட்டு வறுவல். தட்டை ரொட்டியால் துடைத்துச் சாப்பிட்டார்.

நவம்பர் 28, வியாழன்

நன்றி நவிலும் நாள். வான்கோழி விருந்து பெரியவர் மகள் வீட்டில். இந்த மாநிலத்தில் காட்டு வான்கோழி அற்றுப்போய், 1976இல் மிசௌரி மாநிலத்துக்குக் காட்டுக்கோழிகளைக் கொடுத்துப் பண்டமாற்றாக வான்கோழி வாங்கி வந்து விட்டார்களாம். இன்று காடெங்கும் அவைதான். தட்டில் இருந்தது என்னவோ கடையில் வாங்கியது.

விருந்துக்கு முன் குடல் குவியலுக்கு எதிரே வைத்திருந்த தானியங்கிக் கேமராவின் நினைவக அட்டையைக் கழற்றி வந்தேன். காகம், பெருச்சாளிபோல் இருக்கும் ஒப்போசம் என்ற பைவிலங்கு ஒன்று, மறுபடி எர்மின். இரவு 2.14க்குக் குட்டிமான். தனியாக. குவியலைச் சுற்றி வந்து, முகர்ந்து, நாக்கை நீட்டி நக்கியது. காட்சி பதினொரு விநாடி.

உப்புக்காக இருக்கும் என்றார் பெரியவர். இருக்கலாம். மான் சுத்த சைவம் என்ற நம் பாடப்புத்தக எண்ணம் அத்தனை உறுதியானதும் இல்லை. வட டகோட்டா புல்வெளியில் பறவைக் கூடுகளைப் படம்பிடிக்க வைத்த கேமராக்களில் வெண்வால் மான்கள் குஞ்சுகளைத் தின்பது பதிவாகியிருக்கிறது. டெக்சாஸில் தடயவியல் ஆய்வுக்காகத் திறந்தவெளியில் வைத்திருந்த மனித எலும்பை ஒரு மான் வாயில் வைத்துக் கடித்ததையும் 2017இல் ஆய்விதழில் எழுதினார்கள். இவ்வளவும் தெரிந்திருந்தும், அந்தக் குட்டியின் நாக்கு எனக்கு ஒப்பவில்லை. விருந்தில் அதைப் பற்றிப் பேசவில்லை.

நவம்பர் 30, சனி

பூஜ்யத்துக்குக் கீழே பன்னிரண்டு டிகிரி. விரல் மரத்துவிட்டது.

ஒன்பது மணிக்கு ஒரு கலைமான், அதாவது ஆண்மான், ஆறு கிளைக் கொம்பு. வந்த விதமே சரியில்லை. தலை தொங்கியிருந்தது. ஒரு வட்டம் போட்டது, பிறகு அதே வட்டத்தை இன்னொரு முறை, எப்போதும் இடப்பக்கமாகவே. செக்கு மாடு நினைவுக்கு வந்தது. என் மரத்தடிக்கே வந்து நின்றது. வேண்டுமென்றே இருமினேன். காது அசையவில்லை. கையுறையைக் கழற்றி அதன் முன்னால் போட்டேன். மெல்லத் திரும்பி அதைப் பார்த்தது, அவ்வளவுதான். அந்தப் பிணையிடம் விரற்கடை அசைவுக்கு நான் பட்ட பாடென்ன, இது என்ன?

பயமில்லாத மானைக் கண்டு எனக்குப் பயம் வந்தது. பெரியவருக்குப் போன் செய்தேன். “சுடு, ஆனால் கையுறை இல்லாமல் தொடாதே” என்றார். சுட்டேன். அதில் வேட்டை என்று எதுவும் இல்லை.

இந்த மாவட்டத்தில் எல்லோர் மனத்திலும் இருக்கும் பெயர் ஒன்றுதான்: மான்களின் உருக்கி நோய். மூளையில் ஒரு புரதம் தவறாக மடிந்து, பக்கத்துப் புரதங்களையும் தன்னைப்போல மடித்துவிடுகிறது. கொலராடோவில் 1967இல் முதலில் கண்டார்கள். விஸ்கான்சினில் 2002இல், இங்கிருந்து அதிக தூரமில்லாத இடத்தில். வேகவைத்தாலும் அழியாது, மண்ணில் பல ஆண்டு கிடக்கும். மனிதனுக்குத் தொற்றியதாக இதுவரை பதிவில்லை. பரிசோதிக்காமல் தின்னாதீர்கள் என்று மட்டும் சொல்கிறார்கள். அந்த அறிவுரையைப் புதன்கிழமை இரவு மிளகோடு சேர்த்து விழுங்கியவன் நான்.

பெரியவர் வந்து குனிந்து பார்த்தார். வலக்கொம்பின் அடியில் ரோமம் ஒட்டி ஈரமாக இருந்தது. குச்சியால் அழுத்தினார். பச்சையும் மஞ்சளுமாகச் சீழ் வந்தது. நாற்றம் அந்தக் குளிரிலும் தெரிந்தது. “சண்டைக் காயம்” என்றார். பெட்டைக்காகக் கொம்பு முட்டும்போது அடித்தோல் கிழிந்து, கிருமி மண்டையோட்டுப் பொருத்து வழியாக மூளைக்குப் போய்க் கட்டி வைக்குமாம். நான் நம்பவில்லை. உருக்கி நோயேதான் என்று வாதாடினேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

கடைசி நாள். இரண்டு தலைகளையும் கழுத்தில் ஒரு சாண் விட்டு வெட்டி, பையில் கட்டி, மாதிரி சேகரிக்கும் பெட்டியில் போட்டுவிட்டு வந்தோம். தொண்டைக்குப் பின்னாலுள்ள நிணநீர்க் கணுவைத்தான் சோதிப்பார்கள். பிணையின் இறைச்சி நாற்பத்தொரு பொட்டலம், சீட்டு எண் எழுதிப் பெரியவர் வீட்டு உறைபெட்டியில். கலைமானை அறுக்கவே இல்லை. மான் கழிவுக்கென்று வைத்திருக்கும் இரும்புத் தொட்டிக்குப் போயிற்று.

மாலையில் பரணை அவிழ்த்தேன். பட்டை மடிப்பில் விதை இல்லை. எப்போது வந்து எடுத்தது என்று தெரியவில்லை.

டிசம்பர் 13, வெள்ளி

முடிவு வந்தது. என் கலைமானுக்கு நோய் இல்லை. பெரியவர் சொன்ன கட்டிதான்.

பிணைக்கு இருக்கிறது.

மினுமினுத்த தோலும் கொழுத்த விலாவுமாக, என்னை இருமுறை ஏமாற்றிய அந்தப் பிணைக்கு. தொற்றிய பிறகு ஒன்றரை ஆண்டோ அதற்கு மேலோ எதுவும் வெளியே தெரியாமல் திரியும் என்று படித்திருந்தேன். படித்து என்ன?

பெரியவரைக் கூப்பிட்டேன். சற்று நேரம் மௌனம். “நாற்பத்தொரு பொட்டலம்” என்றார். பிறகு, “இதயத்தைச் சேர்த்தால் நாற்பத்திரண்டு.” நாளைக் காலை வண்டியோடு வரச் சொன்னார், தொட்டிக்குக் கொண்டுபோக.

போனை வைத்துவிட்டு அந்தக் கேமரா அட்டையை மறுபடி கணினியில் செருகினேன். 2.14. குட்டி சுற்றி வருகிறது, முகர்கிறது. நக்குகிறதா, வெறுமனே நாக்கை நீட்டி வாசனை பிடிக்கிறதா என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். எட்டாவது விநாடியில் தொண்டை ஒருமுறை அசைகிறது.