நூற்புழு டிஎன்ஏ: சீக்வென்சருக்கு முன்னால் இருக்கிற தொல்லைகள்

உருளைக்கிழங்கின் தோலைப் பருப் பருவாகப் புடைக்க வைக்கும் வேர்முடிச்சு நூற்புழுவின் ஜீனோம் (முழு டிஎன்ஏ) தரவு ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. சீக்வென்சிங், அதாவது டிஎன்ஏவின் எழுத்து வரிசையைக் கருவியில் படிப்பது, இரண்டே நாள் வேலை. அதற்கு முன்னால்தான் எல்லாத் தொல்லையும். தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நாட்டால் மாகாணத்தில் அடுத்து இதில் இறங்குகிறவர்கள் கவனிக்க.

முதல் பெட்டி வீண். உறைய வைத்த புழு முட்டைகளை டிரை ஐஸில் (உறைந்த கரியமில வாயு) வைத்து டர்பனிலிருந்து வெள்ளிக்கிழமை அனுப்பினோம். தாளில் 'நூற்புழு' என்றிருந்ததால் உயிருள்ள புழு என்று கூரியர் அலுவலகத்தில் நிறுத்திவிட்டார்கள். திங்கட்கிழமை திறந்தால் ஐஸே இல்லை, குழாய்க்கு அடியில் பழுப்புத் தண்ணீர். முட்டையின் உறைவு இளகிவிட்டால் அதிலுள்ள நொதிகளே டிஎன்ஏவை நறுக்கிவிடும். நீள ரீடுகளுக்கு (நீண்ட துண்டுகளாகப் படிக்கும் முறைக்கு) உதவாது. ஆகவே முட்டையை அனுப்பாதீர்கள், பிரித்தெடுத்த டிஎன்ஏவை அனுப்புங்கள், அதுவும் திங்கட்கிழமை. 'சுத்திகரித்த டிஎன்ஏ, உயிருள்ளது எதுவும் இல்லை' என்ற கடிதம் பெட்டிக்குள் ஒன்று, வெளியே ஒன்று. டிரை ஐஸ் வைத்தால் யுஎன் 1845 (டிரை ஐஸுக்கான அபாயப் பொருள் எண்) லேபிளும் எடையும் கட்டாயம். மூடியை இறுக்கி ஒட்டாதீர்கள், வாயு சேர்ந்து வெடிக்கும்.

ஒரே கிழங்கில் இன்காக்னிட்டா, ஜவானிக்கா என்ற இரண்டு வேர்முடிச்சு நூற்புழு இனங்களும் கலந்திருக்கக்கூடும். தோலைச் சீவினால் பழுப்புப் புள்ளிக்கு நடுவே முத்துப்போலப் பெண்புழு தெரியும். ஒரே ஒரு முட்டைத்திரளை எடுத்துத் தக்காளியில் பெருக்குங்கள். ஆண் துணையின்றிப் பெருகும் இனம், வம்சம் கலையாது.

திரளிலிருந்து முட்டை பிரிக்க 0.5% ஹைப்போகுளோரைட் (பிளீச்) போதும். பாட்டிலில் 3.5% என்றிருந்தால் ஒரு பங்குக்கு ஆறு பங்கு தண்ணீர். நான்கு நிமிடத்தைத் தாண்ட விடாதீர்கள். 25 மைக்ரான் சல்லடையில் பிளீச் வாடை போகும்வரை கழுவி, சர்க்கரைக் கரைசலில் மிதக்க விடுங்கள். இதில் அவசரப்பட்டால் மண் பாக்டீரியாதான் சீக்வென்ஸ் ஆகும்.

டிஎன்ஏ அளக்க இரண்டு கருவிகள்: ஆர்என்ஏவையும் சேர்த்து எண்ணிவிடும் நானோடிராப், டிஎன்ஏவை மட்டும் அளக்கும் கியூபிட். நானோடிராப் 60 நானோகிராம் காட்டிய அதே மாதிரி கியூபிட்டில் 9 நானோகிராம்தான். மீதி ஆர்என்ஏ. ஆர்என்ஏவைச் சிதைக்கும் நொதியான ஆர்என்ஏஸைப் போடாமல் அளந்ததன் பலன் அது. கியூபிட் எண்ணை மட்டும் நம்புங்கள்.

படித்த துண்டுகளை ஜீனோமாகக் கோக்கும் அசெம்பிளியில் இன்னொரு குழி. இன்காக்னிட்டா மும்மடியம், அதாவது ஜீனோம் ஏறக்குறைய மூன்று பிரதிகளாக இருக்கும். 2008இல் வந்த அசெம்பிளி 86 மெகாபேஸ் (ஒரு மெகாபேஸ் பத்து லட்சம் எழுத்து), 2017இல் வந்தது 184. இரட்டிப்பை நீக்கும் கருவியை வழக்கம்போல ஓட்டினால் உண்மையான பிரதிகளே பறிபோகும். ஜிசி அளவையும் (டிஎன்ஏவில் ஜி, சி எழுத்துகளின் பங்கு) பாருங்கள்: நூற்புழு 30 சதவீதத்தை ஒட்டி நிற்கும், மண் பாக்டீரியா பல 60க்கு மேல். எங்கள் இரண்டாவது மாதிரியில் 30ஐ ஒட்டி ஒரே குவியல்தான், பாக்டீரியாக் குவியல் இல்லை.