கொத்தமல்லி வாசனை அடித்த நகல்கள்

நவம்பர் வந்தால் எங்கள் அலுவலகத்தில் ஒரு பட்டியல் தயாராகும். நவம்பர் 25 பெண்களுக்கு எதிரான வன்முறை ஒழிப்பு நாள். அன்று தொடங்கி டிசம்பர் 10 மனித உரிமை நாள் வரை பேரணி, உறுதிமொழி, கோலப்போட்டி என்று ஓடும். நடுவில் ஒரு நாள், குடும்ப வன்முறையைத் தடுக்கப் பாடுபடும் பொதுமக்களுக்குப் பாராட்டு விழா. ஐந்து பெயர் எழுதிக் கொடுக்க வேண்டியது, குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவ அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலராகிய என் பொறுப்பு. பொன்னாடை, கேடயம், சான்றிதழ். விண்ணப்பப் படிவம் கேட்பவை: ஆற்றிய பணியின் விவரம், நாளிதழ் நறுக்குகள், பணியில் ஈடுபட்டிருக்கும்போது எடுத்த புகைப்படங்கள்.

ராத்திரி பதினோரு மணிக்குப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "அவள விடுடா" என்று சொல்கிறவரை யார் படம் எடுப்பார்? ஆக, பட்டியலில் ஏறுகிறவர்கள் படம் வைத்திருப்பவர்கள்தான். கூட்டத்துக்கு நாற்காலி, பந்தல் தந்தவர் ஒருவர். மகளிர் தினத்துக்கு மகளிர் தினம் கல்லூரிகளில் பேசுகிறவர் ஒருவர். அவர்களைக் குறைசொல்லவில்லை. நாற்காலியும் வேண்டும்தான்.

என் முதல் சில ஆண்டுகளில் எனக்கு இதில் ஒரு கோபம் இருந்தது. உண்மையாக வேலை செய்கிறவர்களை மேடையேற்றிக் காட்டுகிறேன் என்று ஒரு ஆட்டோ ஓட்டுநரின் பெயரை எழுதினேன். பேருந்து நிலையத்தில் வண்டி போடுகிறவர். ராத்திரியில் குழந்தையும் பையுமாக நிற்கிற பெண்ணைப் பார்த்தால் எங்கே போகணும் என்று கேட்கமாட்டார். "மகளிர் ஸ்டேஷனா, அம்மா வீடா?" என்றுதான் கேட்பார். காசு வாங்கமாட்டார். நானே உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். மேடையில் அவருக்குக் கைதட்டல் அடங்கவே இல்லை. மறுநாள் மாவட்டச் செய்திப் பக்கத்தில் படம் வந்தது, பொன்னாடையோடு.

பத்து நாள் போயிருக்காது. முன்பு எப்போதோ அவர் வண்டியில் ஏறிப் போன ஒரு பெண்ணின் கணவன், படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டாண்டுக்கே வந்துவிட்டான். முன்கண்ணாடி தூள். மகளிர் காவல் நிலையத்தில் மனு ரசீது போட்டுக் கொடுத்தார்கள். ஓட்டுநர் என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. "பரவால்ல மேடம், இன்சூரன்ஸ் இருக்கு" என்றார். இல்லை என்று எனக்குப் பிறகு தெரிந்தது.

2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் நான்காவது பிரிவை வகுப்புகளில் எத்தனை முறை பெருமையாக விளக்கியிருப்பேன்! குடும்ப வன்முறை நடந்தது, நடக்கிறது, நடக்கப்போகிறது என்று நினைக்கக் காரணம் உள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு தந்தவர்மேல் சிவில், கிரிமினல் எந்தப் பொறுப்பும் சாராது. நல்ல பிரிவு. வழக்கு வராமல் காக்கும். ஆட்டோக் கண்ணாடிக்கு அதில் ஏதும் சொல்லவில்லை.

அதற்கடுத்த இரண்டு வருடம் பட்டியலுக்கு நானும் படம் வைத்திருப்பவர்களையே எழுதினேன்.

இந்தச் சமயத்தில்தான் அந்த நகல்கள் வரத் தொடங்கின. எங்களிடம் வருகிற பெண்கள் பெரும்பாலும் உடுத்திய துணியோடு வருவார்கள். ஆதார் அவன் பீரோவில், ரேஷன் அட்டை மாமியாரிடம், கல்யாணப் பத்திரிகை எங்கே போனதோ. டி.ஐ.ஆர். என்று நாங்கள் சொல்லும் சம்பவ அறிக்கையில் எந்தத் தேதி, எந்த நேரம், எந்த இடம், அடித்தது யார் என்று கட்டம் கட்டமாகக் கேட்கும். "நெனப்பில்ல மேடம், எத்தனயோ தடவ" என்பார்கள். மனு போட்டால் முதல் விசாரணை வழக்கமாக மூன்று நாளுக்குள், முடிவுக்கு அறுபது நாளுக்குள் முயல வேண்டும் என்கிறது சட்டம். நான் பார்த்ததில் அறுபது நாளில் முடிந்தவற்றை எண்ண இரண்டு கை போதும். தாமதத்துக்கு நீதிமன்றத்தை மட்டும் சொல்லிப் பயனில்லை. பாதி நாள் காகிதம் தேடுவதிலேயே போய்விடும்.

அப்படியிருக்க, ஒரே பக்கத்து ஊர்களிலிருந்து வந்த சிலர் மட்டும் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஆதார் நகல், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் நகல், நகை அடகு ரசீது நகல், கூடவே ஒரு துண்டுச் சீட்டில் தேதிகள். நான்காவது கவரைப் பிரிக்கும்போதுதான் உறைத்தது. தாள்களில் வறுத்த கொத்தமல்லி வாசனை. முதல் மூன்று கோப்புகளையும் எடுத்து முகர்ந்து பார்த்தேன். என் உதவியாளர் பயந்துபோய்விட்டார்.

"யாரும்மா இதெல்லாம் எடுத்து வைக்கச் சொன்னது?"

"மில்லுக்கார அக்கா."

மாவு மில். (ஊரைச் சொல்லமாட்டேன். மில் என்பதே உண்மையா, தையல் கடையை மில் என்று எழுதுகிறேனா என்றும் கேட்காதீர்கள்.) போய்ப் பார்த்தேன். அறுபதை நெருங்கும் ஒரு அம்மா, தலைமுடியெல்லாம் மாவு. பெல்ட் பக்கம் கணவர், பேச்சே இல்லாத மனிதர். நான் யாரென்று சொன்னதும் அவர் எழுந்து போய் மோட்டாரைப் போட்டார். மேல் தொட்டியில் ஒரு மணி தானியம் கிடையாது. வெறும் எந்திரம் அலறுகிறது. அந்தச் சத்தத்துக்குள் அக்கா என் காதருகே வந்து, "இப்பச் சொல்லுங்க மேடம்" என்றார்.

அதுதான் அவர்கள் ஏற்பாடு. மில்லுக்குப் பெண் வருவதை எந்த வீட்டிலும் தடுக்க முடியாது. வாரம் ஒருதரமாவது மாவு வேண்டும். போன் என்றால் கணவன் எடுத்துப் பார்ப்பான். 181 என்ற மகளிர் உதவி எண் தமிழகத்தில் 2018 டிசம்பரிலிருந்து இருக்கிறது, நல்ல சேவை, ஆனால் கூப்பிட்ட எண் போனில் நிற்குமே. அதனால் அக்காவின் போனிலிருந்து கூப்பிடுவார்கள். வரிசையில் நிற்கிற மற்றவர்களுக்கு எதுவும் கேட்காது. "முக்கியமான பேச்சுன்னா மொளகா அரைக்கிற அன்னிக்கு வரச் சொல்லுவேன். எல்லாருக்கும்தான் கண்ணு செவந்திருக்கும், எவளும் ஏன்னு கேக்கமாட்டா."

அரவைக் கணக்கு நோட்டையும் காட்டினார். பெயர், தானியம், எடை, கூலி. நடுநடுவே 'கம்பு கால் கிலோ பாக்கி' என்று சில வரிகள். கால் கிலோ கம்பை யார் மில்லில் அரைப்பார்கள், அதுவும் கடனுக்கு? அந்த வரி வந்தால் அன்று அந்தப் பெண்ணுக்கு வீட்டில் அடி. தேதி நோட்டில் நிற்கிறது. கோர்ட்டில் காட்டுகிற சான்று ஒன்றுமில்லை; ஆனால் வருகிறவளுக்கு நினைவு தப்பாமல் இருக்க அது போதும். நகல்கள் மல்லித்தூள் டின்னுக்கு அடியில். டின்னை நகர்த்த யாருக்கும் தோன்றாது.

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019–21), தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 38 விழுக்காட்டினர் கணவனின் வன்முறைக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கிறார்கள். நாடு முழுக்க எடுத்தால், வன்முறைக்கு ஆளானவர்களில் எங்காவது உதவி கேட்டவர்கள் 14 விழுக்காடுதான். அந்த எண்ணைப் பயிற்சிகளில் பார்க்கும்போதெல்லாம் பெண்கள் ஏன் வாய் திறப்பதில்லை என்று பேசிக்கொண்டிருப்போம். எங்கே போய்த் திறப்பது என்பதை அந்த மில்லைப் பார்த்த பிறகுதான் யோசித்தேன்.

அக்கா என்னிடம் முதலில் கேட்ட கேள்வி சட்டம் பற்றியது. "மாமனார் பேர்ல வீடு இருந்தா, வெளிய போன்னா போயிடணுமா?" நல்லவேளை, அவர் கேட்டது 2020 அக்டோபருக்குப் பிறகு. அதற்கு முன்பு 2006இல் வந்த ஒரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டி, கணவன் பெயரில் இல்லாத வீட்டில் உரிமையில்லை என்று எதிர்த்தரப்பு வாயடைத்துவிடும். 2020இல் அதே நீதிமன்றம் அதை மாற்றி, மாமனார் பெயரில் உள்ள வீடும் கூட்டு வாழ்வில்லமாக, அதாவது அவள் தங்கும் உரிமை கேட்கக்கூடிய வீடாக, இருக்கலாம் என்றது. வழக்குக்கு வழக்கு மாறும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அடுத்த மாதமே வந்த ஒரு பெண் உட்காரும்போதே, "மாமனார் வீடா இருந்தாலும் இருக்கலாமாமே மேடம்?" என்றாள். அந்தத் தீர்ப்பைப் பற்றி நாங்கள் அச்சடித்த துண்டறிக்கை அப்போது கட்டுப் பிரிக்காமல் அலமாரியில் இருந்தது.

நவம்பர் வந்தது. ஆசை விடவில்லை. படிவத்தை எடுத்துக்கொண்டு மில்லுக்கே போனேன். மோட்டார் ஓடியது. அக்கா படித்துப் பார்த்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"என் பேரு வெளிய வந்தா நாளைக்கு எவ வீட்டுக்காரன் அவள மில்லுக்கு அனுப்புவான்?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆட்டோ விஷயத்தை அவரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பேச்சை மாற்ற, உங்களுக்கு இதில் எப்படி மனசு வந்தது என்று கேட்டேன். அவர் வாழ்க்கையிலும் ஏதாவது இருக்கும் என்பது என் எதிர்பார்ப்பு. எங்கள் துறையில் எல்லோருக்கும் அப்படி ஒரு கதையை எதிர்பார்த்துப் பழகிவிட்டோம். அவர் கணவர் பக்கம் கையைக் காட்டினார். "முப்பத்தெட்டு வருசம். ஒரு நாள் கை நீட்டுனதில்ல. கோவம் வராத மனுசன்னு நெனக்காதீங்க, வரும். அடிக்காம இருக்கறது ஒண்ணும் ஆகாத காரியமில்லன்னு எனக்குத் தெரியும்ல? அப்ப மத்தவனுக்கு மட்டும் என்ன நோவு?"

சரி, விருது வேண்டாம், நான் என்னதான் செய்யட்டும் என்றேன். முதலில் சிரித்துக்கொண்டே, "சும்மா ஓடுற மோட்டாருக்குக் கரண்டு பில்லு கட்டுங்க" என்றார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: "நான் போன் அடிச்சா எடுக்கணும். எந்நேரமானாலும். போன வருசம் ரெண்டு தடவ அடிச்சேன், உங்க ஆபீஸ்ல எடுக்கல."

எந்தெந்த நாள் என்று கேட்டேன். நோட்டில் இருந்தது. ஒன்று ஞாயிறு. இன்னொன்று வேலை நாள், பகல் மூன்று மணி. அன்று நாங்கள் எல்லோரும் பாராட்டு விழாவில் இருந்தோம்.

அலுவலக எண்ணை மாலை ஆறுக்கு மேல் என் சொந்த போனுக்குத் திருப்பிவிட்டேன். ஓய்வு பெறுகிறவரை அப்படியே இருந்தது. இப்போது என் இடத்துக்கு வந்திருக்கும் பெண்ணிடம் எண்ணை ஒப்படைக்கும்போது, 'மில்' என்று பதிந்திருக்கும் அழைப்பை மட்டும் எந்தக் கூட்டத்திலும் எடுத்துவிடு என்று சொல்லிக் கொடுத்தேன். அக்கா மறுத்த அந்த வருடப் பட்டியலில் ஐந்தாவது இடத்தைக் காலியாக விட்டு அனுப்பினேன். மேலிடத்திலிருந்து யாரோ ஒரு பெயரைப் போட்டு நிரப்பிக்கொண்டார்கள்.

போன மாதம் சாம்பார்ப்பொடி அரைக்க அங்கே போனேன். இரண்டு கிலோ. எனக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண், கையில் ஒரு சம்படம், அதில் அரைக்க ஒன்றுமில்லை. பெரியவர் அவள் முகத்தை ஒரு தரம் பார்த்தார். என் தூக்கை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு மோட்டாரைப் போட்டார். நான் வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். பொடி கைக்கு வர முக்கால் மணி நேரமாயிற்று.