ஓர்கன் மூடியைச் சாத்திய பிறகு

நமது கல்லூரிச் சிற்றாலயத்தில் நத்தார் ஆராதனைக்கான பயிற்சி கார்த்திகை நடுப்பகுதியில் தொடங்கும். முதல் இரண்டு கிழமையும் மிதி ஓர்கன் கூடவே ஒலிக்கும். மூன்றாம் கிழமை, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே மாஸ்டர் ஓர்கன் மூடியைச் சாத்திவிடுவார். கடைசிச் சரணம் வரை நான்கு குரல்களும் தாமாகவே போய்ச் சேரவேண்டும். முடிந்ததும் மூடியைத் திறந்து 'டோ'வை (ஆதார சுரம், நம் 'ச') ஒருமுறை அழுத்துவார். ஓர்கன் தன் இடத்தில் நிற்கும். நாம் அரைச் சுரம் கீழே நிற்போம்.

அந்தப் பயிற்சியைத் தாண்டி வந்த காதோடு, பென்டடோனிக்ஸ் குழு 2014 அக்டோபரில் வெளியிட்ட 'தட்ஸ் கிறிஸ்மஸ் டு மீ' தொகுப்பைக் கேட்டுப் பாருங்கள். டெக்சஸ் மாநிலத்து ஆர்லிங்டனில் தோன்றிய ஐவர் குழு அது. முன்குரலுக்கு ஸ்கொட் ஹோயிங், மிட்ச் கிராஸி, கிர்ஸ்டின் மால்டொனாடோ. அடிக்குரலுக்கு ஏவி கப்லன் (2017இல் விலகிவிட்டார்). வாயாலேயே தாளம் போட கெவின் ஒலுசோலா. வாத்தியம் இல்லை. நம் பழைய மாணவர் சங்கங்களின் நத்தார் மாலைகளில் இந்தப் பாடல்களைப் பாடும் ஆசை இயல்பானது. ஆனால் இருபது பேர் நின்று பாடும்போது பதிவில் உள்ளது வராது. ஏன் வராது என்பதைக் காதாலேயே கண்டுபிடித்துவிடலாம்.

முதல் தடவை மெட்டைக் கேட்டு முடித்துவிடுங்கள். இரண்டாம் தடவை அடிக்குரலை மட்டும் பின்தொடருங்கள். இதற்குக் காதுக்கவசம் வேண்டும். கைத்தொலைபேசியின் ஒலிபெருக்கியில் அடிக்குரல் பாதி தொலைந்துவிடும். மூன்றாம் தடவைதான் உண்மையான வேலை: மெட்டுக்கும் அடிக்குரலுக்கும் நடுவில் ஓடும் குரலைப் பிடிக்கவேண்டும். ஒரு காதில் மட்டும் கருவியை மாட்டி, மறு காதைத் திறந்துவைத்து, அந்த நடுக்குரலோடு வாய்மூடி முனகுங்கள். வேகத்தை முக்கால் பங்காகக் குறைத்துக் கேட்கும் வசதி இப்போது பல செயலிகளில் உண்டு, சுருதி மாறாது. நடுக்குரல்களான ஆல்டோவும் டெனரும் பாடியவர்களுக்கு இது எளிது. மெட்டைப் பாடும் மேற்குரலான சொப்ரானோக்களுக்கு முதலில் எரிச்சலாக இருக்கும், ஏனென்றால் காது திரும்பத் திரும்ப மெட்டுக்கே ஓடும்.

தொகுப்பில் உள்ள 'சைலன்ட் நைட்' நம் குழுவுக்கு மிகப் பொருத்தம். அது பிறந்ததே ஓர்கன் இல்லாமல்தான். 1818 டிசம்பர் 24 அன்று ஆஸ்திரியாவின் ஓபர்ன்டோர்ஃப் ஊர்க் கோயிலில், ஒரு கிதாரை மட்டும் துணைக்கு வைத்து, பாடலை எழுதிய குருவானவர் ஜோசப் மோரும் மெட்டமைத்த ஃபிரான்ஸ் சேவர் குரூபரும் இரண்டு குரலில் பாடினார்கள். கடைசி அடிகளைப் பாடகர் குழு திருப்பிப் பாடியது. எளிய பாட்டு என்று எல்லோரும் நினைப்பது. துணையின்றிப் பாடினால் இதைப்போல இறங்கும் பாட்டு வேறு குறைவு.

காரணம் சொல்ஃபாவில், அதாவது டோ-ரே-மி-ஃபா-சோ-லா-டி என்னும் மேற்கத்திய ஸரிகமபதநியில், அப்படியே தெரிகிறது. முதலடி சோ-லா-சோ-மி, இரண்டாமடி மறுபடி சோ-லா-சோ-மி. இறங்கிவந்து நிற்கும் இடம் இரண்டு தடவையும் 'மி'. அந்த 'மி' சற்றே சோர்ந்துவிட்டால், அடுத்து 'ஓல் இஸ் காம்' என்பதற்கு அங்கிருந்து மேல் 'ரே'க்குத் தாவவேண்டும், ஏழாம் சுரத் தாவல். சோர்ந்த 'மி'யிலிருந்து அளந்து தாவினால் 'ரே'யும் சோர்ந்தே விழும். இதற்கிடையில் பேஸ் எனும் அடிக்குரல் முதலிரண்டு அடியும் ஒரே 'டோ'வில் நிற்கிறது. ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பப் பாடும் குரல், ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தொடாவிட்டால், மெல்லக் கரையும். மேலே ஒரு வழுக்கல், கீழே ஒரு கரைவு. முதற் சரணம் முடியுமுன்னரே சுருதி போய்விடும்.

மருந்து இரண்டு. சொப்ரானோக்கள் 'மி'யிலிருந்து தாவாமல், சற்று முன் பாடிய 'சோ'வை மனதில் பிடித்து அதற்கு மேல் ஐந்தாம் சுரமாக 'ரே'யை எடுக்கவேண்டும். பேஸ் குரல்கள் ஒவ்வொரு அசையிலும் 'டோ'வைக் கொஞ்சம் மேலிருந்து தொடுவதாக நினைத்துக்கொள்ளவேண்டும். பதிவில் கேட்டால் நீட்டிய சுரங்கள்கூட உயிரோடு நிற்பது புரியும்.

'மி' பற்றி இன்னொன்று. பியானோவின் 'மி'யை விட, குரல்கள் சேர்ந்து ஒலிக்கும் தூய 'மி' அரைச் சுரத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு தாழ்ந்தது. தம்புராவின் மந்தரத் தந்தியில் தானாக எழும் அந்தர காந்தாரம் அதுவே. சங்கீதம் படித்த நம்மவர்கள் இதை உடனே பிடித்துவிடுவார்கள். ஆனால் 'டோ' அசையாமல் நிற்கும்போதுதான் அந்தத் தாழ்வு இனிமை. 'மி'யோடு சேர்ந்து 'டோ'வும் இறங்கினால் அது வெறும் பிழை.

சொல் உச்சரிப்பில் நமக்கென்று சில தடைகள் உண்டு. 'நைட்' என்ற சொல்லில் நாம் 'ஐ'யை ஒரே ஒலியாக நீட்டிவிடுகிறோம். 'ஆ'விலேயே முழு நேரமும் நின்று, கடைசி நொடியில்தான் 'இ'க்கு மூடவேண்டும். இறுதி 'ட்' நம் நாக்கில் பின்னால் மடிந்து வரும். இருபது பேர் அப்படிச் செய்தால் தகரத்தில் கல் விழுந்தமாதிரி இருக்கும். நாநுனி பல்லீறைத் தொடட்டும், எல்லோரும் ஒரே தட்டில். 'பீஸ்' முடிவில் வரும் 'ஸ்'ஸை ஒருவர் மட்டும் சொன்னால் போதும், மற்றவர்கள் 'ஈ'யோடு நிறுத்தலாம். பின்குரலில் வரும் 'ஊ'வுக்கு உதடு குவிந்திருக்க, வாயின் உள்ளே 'ஆ'வுக்குரிய இடம் திறந்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஒலி மங்கி, சுருதியும் மங்கும்.

மூச்சு விஷயத்தில் அனுகூலம் நம் பக்கம். குரலுக்கு ஒருவர் பாடும்போது மூச்சு எடுக்கும் இடம் எல்லாம் வெளியே தெரியும். குரலுக்கு ஐந்து பேர் உள்ள நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. பக்கத்தில் நிற்பவர் எடுக்கும் இடத்தில் எடுக்காதீர்கள். அடி முடிவில் எடுக்காதீர்கள். நீட்டிய உயிரெழுத்தின் நடுவில் விட்டு, மெதுவாகத் திரும்பி வாருங்கள்.

பதிவைப் பார்த்து ஏமாறும் இடம் அடிக்குரல்தான். மைக் வாயருகே இருக்கும்போது அடிக்குரலின் கனம் கூடுகிறது. ஒருதிசை மைக்கின் இயல்பே அது. ஒரு முழம் விலகினால் அந்தக் கனம் போய்விடும். மண்டபத்தில் மைக் இல்லாமல் பேஸ் குரலின் கீழ் 'எஃப்'புக்கும் கீழே போகும் சுரங்கள் மூன்றாம் வரிசையைக்கூட எட்டாது. எனவே ஒரேயொரு பேஸுக்கு மைக் கொடுத்து, நான்கு விரல் தூரத்தில் நிறுத்தி, மற்ற பேஸ்கள் அதே சுரத்தை ஓர் எட்டு (ஒரு ஸ்தாயி) மேலே பாடுவது நல்லது. எல்லாப் பேஸ்களும் கீழே உறுமப் போனால் குரலும் வராது, சுருதியும் வராது.

வாய்த்தாளத்தை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். மிருதங்கச் சொல்கட்டு தெரிந்த பிள்ளை இருந்தால் ஆசை வரும். ஆனால் சொல்கட்டு குரலோடு வருவது, இது குரலற்ற காற்றில் 'ப்', 'ட்ஸ்', 'க்' என்று வெடிப்பது. பழக மாதங்கள் வேண்டும்.

சைக்கோவ்ஸ்கியின் 1892ஆம் ஆண்டு நட்கிராக்கர் பாலேயில் செலஸ்டா என்ற மணியொலி வாத்தியத்துக்கு எழுதப்பட்ட 'சுகர் பிளம் ஃபேரி' நடனத்தை இவர்கள் சொல்லில்லாமல் பாடுவது இந்தத் தொகுப்பின் உச்சம். அந்த ஒழுங்கமைப்புக்கு 2016இல் கிராமி விருது கிடைத்தது. கேட்பதற்கு அற்புதம். பெரிய குழு அதைத் தொடவேண்டாம். குத்திக் குத்தி வரும் சிறு அசைகள் எதிரொலிக்கும் கோயிலில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பும். குரலுக்கு ஒருவர் நின்றால்தான் அது துலங்கும்.

பயிற்சியில் ஓர்கனுக்குப் பதில் 440 அதிர்வு கொண்ட ஒரு சுருதிக்கவை போதும். முழங்காலில் தட்டி, காம்பைக் காதருகே எலும்பில் வைத்தால் 'ஏ' கேட்கும். அதற்கு அரைச் சுரம் மேலே பி-ஃபிளாட், அதுவே 'டோ'. டோ-மி-சோ என்று தாழ்ந்த குரலில் கொடுத்து, 'சோ'வில் தொடங்குங்கள். ஒவ்வொரு சரண முடிவிலும் மறுபடி தட்டிப் பாருங்கள். முதற் சரணத்திலேயே இறங்கினால் அந்த 'மி-ரே' தாவலைப் பிரித்துப் பழகுங்கள். மூன்றாவதில்தான் இறங்கினால் அது மூச்சுக் களைப்பு. இரண்டும் சரியாக இருந்தும் இறங்கினால், பி-ஃபிளாட்டை விட்டு அரைச் சுரம் ஏற்றி 'பி'யில் தொடங்கிப் பாருங்கள். தொண்டை பழகிய சுருதியை விட்டு விலகினாலே பல குழுக்களில் இறக்கம் நின்றுவிடுகிறது. சொப்ரானோவின் உச்ச 'ஃபா' அப்போது மேல் 'ஈ'யில் வரும், நம் வயதிலும் எட்டக்கூடிய இடம்தான்.