கொட்டகைக் கழுவுநீரில் டக்வீட்

டக்வீட் என்பது நீரில் மிதந்து, அதிலுள்ள சத்தை உறிஞ்சி வளரும் சின்னஞ்சிறு செடி. மாட்டுக் கொட்டகை கழுவிய நீரை அப்படியே டக்வீட் தொட்டிக்குள் விடாதீர்கள். குழியில் இரண்டு நாள் தேக்கி, சாணக் கசடு படிந்ததும் மேல்நீரை மட்டும் எடுத்துப் பத்து மடங்கு தண்ணீர் கலக்கவும். அம்மோனியா நெடி அடித்தால் இன்னும் கலக்க வேண்டும். நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 8-ஐத் தாண்டினால் அந்த அம்மோனியாவே நஞ்சாகி இலை வெளுக்கும்.

ஒன்றரை அடி ஆழம் போதும். காற்று செடிகளை ஒரு மூலையில் ஒதுக்கிவிடும், திறந்த நீரில் பாசி படரும். மூங்கில் கட்டங்களை மிதக்கவிட்டுத் தடுங்கள்.

பலரும் கோட்டைவிடுவது அறுவடையில்தான். இரண்டு மூன்று நாளுக்கொருமுறை கால்பங்கை அரித்தெடுக்காவிட்டால், செத்த இலை அழுகி, உறிஞ்சிய தழைச்சத்தும் மணிச்சத்தும் தண்ணீருக்கே திரும்பும். ஒரு செடியைத் தூக்கிப் பாருங்கள். இலை வெளிறி வேர் நீண்டிருந்தால் நீரில் சத்து குறைந்துவிட்டது. அடுத்த கழுவுநீரை விடலாம்.