பத்து விரல்களும் ஐம்பத்து நான்கு வாட்டும்

பார்லரில் ஒரே ஒருமுறை ஜெல் நகப்பூச்சு போட்டுக்கொள்ள ஆகும் செலவில், வீட்டிலேயே ஓராண்டு முழுவதும் போட்டுக்கொள்ளலாம் என்று என் அக்கா கணக்குப் போட்டு முடித்தபோது, அந்தக் கணக்கை மறுத்துப் பேச எங்கள் வீட்டில் யாரும் முன்வரவில்லை. அத்தான் தணிக்கைத் துறையில் இருப்பவர். ஊரார் கணக்கையெல்லாம் துருவித் துருவிப் பார்ப்பவர். அவரே அக்காவின் கணக்குகளை மட்டும் தணிக்கை செய்வதில்லை என்ற கொள்கையைத் திருமணமான நாள்முதல் கடைப்பிடித்து வருகிறார். எனவே இணையத்தில் தேடிப்பிடித்த ஒரு நகப் பராமரிப்புப் பெட்டி, எவ்வித எதிர்ப்புமின்றி வீடு வந்து சேர்ந்தது.

பெட்டியைப் பார்த்ததும் முதலில் ஒன்றும் தவறாகத் தெரியவில்லை. பார்லர்களில் பயன்படுத்தப்படும் ஒரு புகழ்பெற்ற நிறுவனத்தின் பெயர்தான் பொன்னிற எழுத்துகளில் மின்னியது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தபோதுதான் அந்தப் பெயரில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது புரிந்தது. உள்ளே சின்னஞ்சிறு குப்பிகளில் பல நிறங்கள், அடிப்பூச்சு, மேற்பூச்சு, ஒட்டு நகங்கள், அவற்றுக்கான பசை, நகத்தை நீட்டுவதற்கென ஒரு திரவமும் பொடியும், அரம், நிமிடத்துக்கு 20,000 சுற்றுகள் சுழலும் என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்ட ஒரு குட்டித் துளைப்பான் எனச் சகலமும் இருந்தன. நடுநாயகமாக, கணினி மவுஸ் அளவில் மடக்குக் கால்களோடு ஒரு வெள்ளை விளக்கு வீற்றிருந்தது. விளக்கின் நெற்றியிலும் அதே பொன்னிறப் பெயர், அதன் கீழே ‘54 வாட்’ என்ற பட்டயம்.

பெட்டியின் பின்புறத்தில் இன்னொரு வாசகமும் இருந்தது: ‘தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டும்.’

“அக்கா, இது பார்லர்காரர்கள் மட்டும் பயன்படுத்தவேண்டியது என்று போட்டிருக்கிறதே” என்றேன்.

“அதனால்தானடா வாங்கினேன்” என்றார் அக்கா, பெருமிதத்தோடு.

எச்சரிக்கையாக அச்சிடப்பட்ட ஒரு வரி பாராட்டுப் பத்திரமாக வாசிக்கப்படுவதை நான் அன்றுதான் நேரில் கண்டேன். இத்தகைய போலிப் பெட்டிகளின் வியாபாரமே அந்த வாசிப்பின்மீதுதான் நடக்கிறது என்பது என் கருத்து. உண்மையான தொழில்முறைப் பொருள்களின் குப்பி, நிறம், பெயர், மினுமினுப்பு ஆகிய அனைத்தையும் நகல் எடுப்பவர்கள் எச்சரிக்கையையும் விட்டுவைப்பதில்லை. அதையும் ஓர் அலங்காரமாகச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

கூடவே வந்த செய்முறைத் தாளை எந்த மொழியில் முதலில் எழுதினார்களோ, அங்கிருந்து அது பல எல்லைகளைக் கடந்து, வழியெல்லாம் அடிபட்டு எங்களிடம் வந்து சேர்ந்திருந்தது. ‘இறந்த தோலை மகிழ்ச்சியுடன் தள்ளிவிடவும்’ என்றது முதல் படி. ‘விரலை வெளிச்சத்துக்கு உணவாகக் கொடுத்து அறுபது வினாடி மறக்கவும்’ என்றது மற்றொன்று. குப்பிகளில் என்னென்ன கலந்திருக்கின்றன என்பதைப் பற்றி மட்டும் அந்தத் தாள் எந்த மொழியிலும் வாய் திறக்கவில்லை. உரக்கப் படித்துக்காட்டும் பணி எனக்கும், ‘மறக்கும்’ அறுபது வினாடிகளை எண்ணும் பணி அக்கா மகனுக்கும் ஒதுக்கப்பட்டன. அத்தான் தாமாகவே முன்வந்து அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

சாதாரண நெயில் பாலிஷ் உலர்வது போல ஜெல் உலர்வதில்லை. முன்னதில் இருக்கும் கரைப்பான் காற்றில் ஆவியாகிப் போக, எஞ்சியது படலமாக நகத்தில் ஒட்டிக்கொள்கிறது. அதற்குப் பொறுமை இருந்தால் போதும். ஜெல்லோ காற்றில் எவ்வளவு நேரம் வைத்தாலும் இறுகாது. அதிலுள்ள ஒளித்தூண்டி என்னும் வேதிப்பொருள், தனக்கு ஏற்ற அலைநீளத்தில் போதுமான ஒளி பட்டவுடன் விழித்தெழுந்து, தனித்தனியாகத் திரியும் சிறு மூலக்கூறுகளைக் கைகோத்து நீண்ட சங்கிலிகளாக மாறச் செய்கிறது. அந்தக் கைகோப்பு முழுமையடைந்தால்தான் திரவம் உறுதியான நெகிழியாகிறது. எனவே நகப்பூச்சையும் விளக்கையும் ஜோடியாகத்தான் கருத வேண்டும். இந்த அறிவியல் அன்று எங்கள் எவருக்கும் தெரியாது என்பதால் காரியம் மிகுந்த நம்பிக்கையோடு நடந்தது.

அடிப்பூச்சு, நிறம், மீண்டும் நிறம், மேற்பூச்சு என்று அக்கா தாராளமாகவே பூசினார். பூச்சு நகத்தோடு நிற்காமல் சுற்றியுள்ள தோலிலும் ஏறியதை நான் சுட்டிக்காட்டியபோது, “நீ படிக்கிற வேலையை மட்டும் பார்” என்று பதில் வந்தது. நான்கு விரல்களையும் விளக்கின் கீழ் நீட்டினால் பெருவிரல் பக்கவாட்டில் சாய்ந்து, வெளிச்சத்துக்கு முகம் கொடுக்காமல் கோபித்துக்கொண்டதுபோல் திரும்பியே கிடந்தது. அதைத் தனியாக வைத்து இறுகச் செய்யவேண்டும் என்பது பார்லர்களில் பாலபாடம். எங்கள் தாளில் பெருவிரலைப் பற்றிய குறிப்பே இல்லை. ஆயினும் முடிவில் பத்து நகங்களும் மதுநிறத்தில் கண்ணாடிபோல் பளபளத்தன. தொட்டுப் பார்த்தால் விரலில் ஒட்டவுமில்லை. அத்தான் அழைக்கப்பட்டு, பார்வையிட்டு, “பிரமாதம்” என்று சான்றளித்துவிட்டு மீண்டும் அடுத்த அறைக்குத் திரும்பினார்.

மறுநாள் காலையில் அக்கா என்னை அழைத்த குரலிலேயே ஏதோ கோளாறு என்று தெரிந்துவிட்டது. வலது பெருவிரல் நகத்திலிருந்து நீளமான ஒரு முடி முளைத்திருந்தது. முளைக்கவில்லை என்பது அருகில் பார்த்தபோதுதான் விளங்கியது: தலை வாரும்போது மேற்பூச்சு மெல்லிய தோல்போல் பிளந்து, அடியில் இன்னமும் கூழாகவே இருந்த நிறத்துக்குள் முடி புதைந்து, மேலே கொஞ்சமும் கீழே கொஞ்சமுமாக நீட்டிக்கொண்டிருந்தது. மோதிர விரலில் போர்வையின் நீல நிற இழைகள் பதிந்து, யாரோ வேண்டுமென்றே தீட்டிய நெயில் ஆர்ட்போலவே காட்சியளித்தன. உண்மையைச் சொன்னால், பத்தில் அதுதான் பார்க்க நன்றாக இருந்தது.

“மேலே காய்ந்துவிட்டது, உள்ளே ஏன் காயவில்லை?” என்று அக்கா கேட்டதற்கு விடை கண்டுபிடித்தவன் அவருடைய மகன்தான். பள்ளியில் மின்சாரப் பாடம் நடந்துகொண்டிருந்த நேரம் அது. விளக்கைச் செருகியிருந்த கைபேசி மின்னேற்றியைக் கழற்றி, அதன் வயிற்றில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்ததை வாசித்தான்: 5 வோல்ட், 2 ஆம்பியர். “வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். ஐயிரண்டு பத்து. இந்த மின்னேற்றி தருவதே பத்து வாட்தான் அம்மா, விளக்கு மட்டும் எப்படி ஐம்பத்து நான்கு வாட் எடுக்கும்?” தணிக்கைத் துறைக்காரரின் மகன் என்பதை அவன் அன்று நிரூபித்துவிட்டான். அடுத்த அறையிலிருந்து ஓர் இருமல் சத்தம் கேட்டது. அது சிரிப்பு என்று அக்கா இன்றுவரை குற்றம் சாட்டி வருகிறார்.

அதன்பிறகே பார்லரில் பல்லாண்டுகளாக நக வேலை பார்க்கும் அக்காவின் தோழி வரவழைக்கப்பட்டார். அவர் விரல்களைப் பார்ப்பதற்கு முன்பே பெட்டியைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார்.

“ஏன்டி, வாட்டைப் பார்த்தா விளக்கு வாங்குவார்கள்? இதிலிருந்து வரும் ஒளி எந்த அலைநீளம் என்று எங்காவது போட்டிருக்கிறதா?”

நல்ல எல்.இ.டி. விளக்குகள் பெரும்பாலும் 365, 405 நானோமீட்டர் அலைநீளங்களில் ஒளியை உமிழும் என்றும், தரமான நிறுவனங்கள் தங்கள் ஜெல்லைத் தங்கள் விளக்கோடு பொருத்திச் சோதித்த பிறகே விற்கும் என்றும் அவர் விளக்கினார். இந்த மவுஸ் விளக்கு எதனோடும் சோதிக்கப்பட்டதாகத் தெரியவில்லை. ஆனால் அவரை அதிகம் கவலைப்படுத்தியது முடி முளைத்த நகமல்ல, அதைச் சுற்றியிருந்த தோல். முழுமையாக இறுகாத ஜெல்லில் எஞ்சியிருக்கும் அக்ரிலேட் மூலக்கூறுகள் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒவ்வாமை உண்டாகலாம். ஒருமுறை வந்துவிட்டால் அது பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் கூடவே வரும். பல் அடைப்பிலும், செயற்கை மூட்டை எலும்போடு பிணைக்கும் சிமென்ட்டிலும் இதே குடும்பத்துப் பொருள்கள்தாம் பயன்படுகின்றன என்பதால், நகத்தில் தேடிக்கொண்ட வம்பு பின்னாளில் பல் மருத்துவரின் நாற்காலியிலும் தலைகாட்டக்கூடும். பூச்சு தோலில் படக்கூடாது என்று பார்லரில் அத்தனை கவனமாக ஓரத்தைத் துடைப்பதன் காரணம் அழகு மட்டுமில்லையாம்.

“இதில் ஹெமா இருக்கிறதோ இல்லையோ, யாருக்குத் தெரியும்” என்று தோழி முணுமுணுத்தார்.

“ஹேமாவா? அவள் எப்போது இதெல்லாம் விற்க ஆரம்பித்தாள்?” என்று கேட்டார் அக்கா. தூரத்து உறவில் எங்களுக்கு ஒரு ஹேமா உண்டு. அவரைப் பற்றி அக்காவுக்கு ஏற்கெனவே நல்ல அபிப்பிராயம் கிடையாது.

தோழி குறிப்பிட்டது ஹைட்ராக்சியெத்தில் மெத்தாக்ரிலேட் என்னும் நெடும்பெயரின் சுருக்கம். ஜெல்லால் வரும் ஒவ்வாமைகளில் அடிக்கடி அகப்படும் குற்றவாளி அதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 முதல் அது கலந்த நகப் பொருள்களைத் தொழில்முறையாளர்கள் மட்டுமே பயன்படுத்தலாம் என்பது சட்டம்; ‘தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டும்’, ‘ஒவ்வாமை உண்டாக்கக்கூடும்’ என்ற இரண்டு வாசகங்களையும் சேர்த்தே அச்சிட வேண்டும். எங்கள் பெட்டிக்காரர் பார்க்கக் கம்பீரமாக இருந்த முதல் வாசகத்தை எடுத்துக்கொண்டு, அவ்வளவாகக் கம்பீரமில்லாத இரண்டாவதை விட்டுவிட்டார். டி.பி.ஓ. எனப்படும் ஓர் ஒளித்தூண்டியை அங்கே 2025 செப்டம்பர் 1 முதல் அழகுப் பொருள்களில் அறவே தடைசெய்து, பார்லர்களுக்கும் அது பொருந்தும் என்று சொல்லிவிட்டார்கள் என்பதையும் தோழி சேர்த்துக்கொண்டார். பெரிய நிறுவனங்களே கலவையை மாற்றி எழுதிக்கொண்டிருந்த காலத்தில், எழுதுவதற்கே கலவைப் பட்டியல் இல்லாத எங்கள் பெட்டி எந்தக் கவலையுமின்றிச் சந்தையில் உலவியிருக்கிறது.

நகம் நீட்டும் திரவத்தின் மூடியைத் திறந்த தோழி, நெடி மூக்கில் ஏறியவுடன் அதை மூடி வெகுதூரம் தள்ளி வைத்தார். மலிவான அக்ரிலிக் திரவங்களில் மெத்தில் மெத்தாக்ரிலேட் என்ற பொருளைக் கலக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லையாம். அது தனியாகவே நிரப்பப்பட்ட நகத் திரவங்களால் நகம் சிதைந்ததாகவும் தோல் புண்ணானதாகவும் புகார்கள் குவிந்ததால், 1970களிலேயே அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் நீதிமன்றம் வரை சென்று அவற்றைச் சந்தையிலிருந்து அகற்றியது. அந்த நகம் கல்போல் இறுகிவிடும். எங்காவது இடித்துக்கொண்டால் ஒட்டுநகம் உடைவதற்குப் பதிலாகச் சொந்த நகம் பெயர்ந்து வரும். நெடியை மட்டும் வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது என்றாலும், உள்ளே இருப்பது இன்னதென்று சொல்லத் தயங்கும் குப்பியோடு தமக்குப் பேச்சுவார்த்தை இல்லை என்று தோழி சொல்லிவிட்டார். நல்லவேளையாக அக்கா அந்தக் கட்டத்துக்குப் போயிருக்கவில்லை.

இனி அகற்றும் படலம். உரித்து எடுத்துவிடலாமே என்று அக்கா ஒரு ஓரத்தை நெம்பத் தொடங்கியபோது, தோழி கையைத் தட்டிவிட்டார். நகத்தின் மொத்தக் கனமே ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான், அதுவும் மெல்லிய அடுக்குகளால் ஆனது, உரித்தால் பூச்சோடு சேர்ந்து மேலடுக்கும் வந்துவிடும். மேற்பூச்சை அரத்தால் லேசாகத் தேய்த்து, அசிட்டோனில் நனைத்த பஞ்சை நகத்தின்மேல் வைத்து, அலுமினியத் தாளால் ஒவ்வொரு விரலையும் சுற்றினார்கள். பத்து விரல்களும் வெள்ளித் தொப்பி அணிந்த நிலையில் அக்காவால் எதையும் தொட முடியவில்லை என்பதால், அந்தக் கால்மணி நேரமும் வீட்டின் சகல வேலைகளும் வாய்மொழி ஆணைகளாகவே நடந்தன. வழக்கத்துக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை என்று அத்தான் என் காதில் சொன்னார்.

தொப்பிகளைக் கழற்றினால், கூழாக இருந்த பெருவிரலைத் தவிர மற்றவை அசைந்துகொடுக்கவே இல்லை. ஜெல் இறுகவேண்டிய இடத்தில் இறுகாமல், கரையவேண்டிய இடத்தில் கரையாமல் பிடிவாதம் பிடித்தது. பஞ்சை மாற்றுவதற்காக, அசிட்டோன் சொட்டிய பழைய பஞ்சை அக்கா கைக்கெட்டிய தூரத்தில் இருந்த விளக்கின்மேல் வைத்தார். சற்று நேரம் கழித்து எடுத்தபோது, பளபளப்பான வெள்ளை மேற்பரப்பு மழுங்கிக் குழைந்திருந்தது; பொன்னிறப் பெயர், அந்தக் கூடுதல் எழுத்து உட்பட, பஞ்சோடு வந்துவிட்டது. அசிட்டோன் பல வகை நெகிழிகளைக் கரைக்கவல்லது என்பதால் இதில் மாயம் ஏதுமில்லை. அந்தப் பெட்டியிலிருந்து எளிதாகவும் முழுமையாகவும் அகன்றது அந்த ஒன்றுதான்.

எஞ்சியதைத் தோழி தம்முடைய கருவியால் பொறுமையாக ராவி எடுத்தார். நகங்கள் வெள்ளைத் திட்டுகளோடு காகிதம்போல் மெலிந்திருந்தன. கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் மூன்று மில்லிமீட்டர்தான் வளரும் என்பதால், அடியிலிருந்து நுனிவரை புதுநகமாக மாற ஏறத்தாழ ஆறு மாதங்கள் ஆகும் என்றும், அதுவரை எண்ணெய் மட்டும் தடவினால் போதும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். தோலில் அரிப்போ சிவப்போ தோன்றினால் உடனே தோல் மருத்துவரிடம் காட்டச் சொல்லியிருந்தார். அப்படி எதுவும் தோன்றவில்லை.

அக்கா சும்மா இருக்கக்கூடியவர் அல்லர். பணத்தைத் திருப்பித் தருமாறு விற்பனையாளருக்கு, முடி முளைத்த பெருவிரலின் புகைப்படத்தோடு, ஒரு நீண்ட கடிதம் எழுதினார். பதில் உடனே வந்தது: ‘அன்பான வாடிக்கையாளரே, இப்பொருள் தொழில்முறையாளர்களுக்கு மட்டுமானது. வீட்டில் பயன்படுத்தியதால் ஏற்பட்ட விளைவுகளுக்கு நாங்கள் பொறுப்பல்ல.’ அக்கா மனம் தளரவில்லை. பல்லாண்டு அனுபவமுள்ள ஒரு தொழில்முறையாளரே இந்தப் பெட்டியை ஆராய்ந்து, பயன்படுத்தத் தகுதியற்றது என்று கூறியிருக்கிறார் என மறுகடிதம் போட்டார். அதற்கும் உடனே பதில் வந்தது: ‘அன்பான வாடிக்கையாளரே, இப்பொருள் வீட்டு உபயோகத்துக்காகவே உருவாக்கப்பட்டது. தொழில்முறையாளர்கள் இதைப் பயன்படுத்த நாங்கள் பரிந்துரைப்பதில்லை.’

அத்தான் இரண்டு பதில்களையும் அச்செடுத்து, அருகருகே வைத்து, சிவப்பு மையால் அடிக்கோடிட்டுத் தமது முதல் தணிக்கைக் குறிப்பை எழுதி அக்காவிடம் சமர்ப்பித்திருக்கிறார். அது தற்போது அக்காவின் பரிசீலனையில் இருக்கிறது.